இலங்கைத் தென்கரையில் ஒரு குளிர்காலம்: இருவராகத் தங்கி, சுற்றிப் பார்த்து, சர்ஃபிங் பழக முழுமையான வழிகாட்டி

இலங்கையின் தென்கரைக் கடலுக்கு ஆண்டில் இரண்டு குணம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அறைவதால் தண்ணீர் கலங்கி, அலை ஒழுங்கில்லாமல் கிடக்கும். நவம்பர் கடைசியில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் மொத்தத் தீவும் இந்தக் கரைக்கு மறைப்பாகிவிடுகிறது. மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் காலி முதல் தங்காலை வரை காலை நேரத்துக் கடல் வழவழவென்று கிடக்கும். அதன்மீது தொலைதூரத்துப் பெரிய அலைகள் வரிசை கட்டி வரும். அதே சமயம் கிழக்குக் கரையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) பழக விரும்பும் தம்பதிக்கு இதைவிடத் தோதான இடம் அருகில் இல்லை என்பது என் திடமான எண்ணம். தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி சூட்டில் இருப்பதால் குளிரைத் தடுக்கும் வெட்சூட் உடை வேண்டாம். மணல் அடித்தளமுள்ள விரிகுடாவில் தொடங்கி, இருபது நிமிடத் தொலைவில் பாறைத்திட்டு அலை வரை படிப்படியாக ஏறலாம். கடலை விட்டால் கோட்டை, காடு, யானை, திமிங்கிலம் எல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. தீவு முழுவதையும் ஒரே மூச்சில் சுற்றிவிடும் திட்டத்தோடு வந்தால் இது எதுவும் கைகூடாது. ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்க வேண்டும். காலை கடலுக்கு, மாலை ஊருக்கு. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கிறது.

1. எப்போது, எவ்வளவு நாள்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை மிக நல்ல காலம். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முதல் பத்து நாள் வரை கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். தேதி உங்கள் கையில் என்றால் பொங்கல் கழிந்து கிளம்புங்கள். பிப்ரவரி எனக்கு மிகவும் பிடித்த மாதம். மழை குறைவு, காலைக்காற்று நிதானம்.

குறைந்தது மூன்று வாரம் வேண்டும். முதல் வாரம் உடம்பு பழகவே போய்விடும். தோளும் முதுகும் வலிக்கும், நெஞ்சுத்தோல் உரசிச் சிவக்கும். இரண்டாம் வாரம்தான் அலை பிடிபடும். ஒரு வாரம் மட்டும் வருகிறவர்கள் வலியை மட்டும் வாங்கிக்கொண்டு, பலன் வரும் நேரத்தில் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

2. கிளம்புமுன்: முதலில் நீச்சல்

விசா, பெட்டி எல்லாம் அப்புறம். உங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியுமா? நம்மில் பலர் கடலோரத்தில் பிறந்திருந்தும் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டியதில்லை. நீச்சல் தெரியாமலும் இடுப்பளவு நுரையில் போர்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர்கள் அதற்கும் சம்மதிப்பார்கள். ஆனால் போர்டையும் காலையும் இணைக்கும் கயிறு அறுந்தால் போர்டு கரைக்குப் போய்விடும், நீங்கள் அங்கேயே இருப்பீர்கள்.

ஆகவே பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே நீச்சல் குளத்துக்குப் போகத் தொடங்குங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும். கால் எட்டாத ஆழத்தில் பதற்றமில்லாமல் ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். தண்ணீருக்குள் உருண்டு, திசை தெரியாமல் போய், மெதுவாக மேலே வரப் பழக வேண்டும். மூன்றாவது முக்கியம், அலை உங்களைப் புரட்டும்போது நடப்பது அதுதான். கூடவே வீட்டுத் தரையில் தினமும் தண்டால் எடுங்கள். சர்ஃபிங்கில் பெரும்பகுதி நேரம் நிற்பதில் போவதில்லை, குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதில்தான் போகிறது.

காகித வேலை சுருக்கமாக: பயணத்துக்கு முன்பே ஈடிஏ எனப்படும் மின்னணு அனுமதியை இலங்கை அரசின் அதிகாரபூர்வ தளத்திலேயே வாங்குங்கள். தேடினால் அதே தோற்றத்தில் தரகர் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், கவனம். சுற்றுலா அனுமதி வழக்கமாக 30 நாள். அதற்கு மேல் தங்க வேண்டுமானால் குடிவரவுத் திணைக்களத்தில் நீட்டிக்கலாம். எந்த நாட்டவருக்கு என்ன கட்டணம் என்பது அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது அதில் சர்ஃபிங்கும் ஸ்கூட்டரும் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்கள் இரண்டையும் விலக்கியே வைத்திருக்கின்றன.

ஸ்கூட்டர் ஓட்டப் போகிறீர்களா? பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மட்டும் இலங்கையில் போதாது. கொழும்பில் உள்ள சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக உரிமம் பெற வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் "ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் தாள் அதுதான்.

பெட்டியில் என்ன வைப்பது? உரசலையும் வெயிலையும் தடுக்கும் முழுக்கை ராஷ்கார்டு சட்டை ஆளுக்கு இரண்டு. பெண்களுக்கு நீச்சல் உடைக்கு மேல் போட ஒரு லெக்கிங்ஸ். முழங்கால் உரசலுக்கும் வெயிலுக்கும் அதுவே காப்பு. முகத்துக்கு ஜிங்க் பசை. மாநிறத் தோலுக்கு வெயில் சுடாது என்ற நம்பிக்கையைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், இரண்டே நாளில் மூக்குத் தோல் உரியும். பாறை அலைக்குப் போகும் எண்ணமிருந்தால் ரப்பர் காலுறை. போர்டு கொண்டுவர வேண்டாம். தொடக்கநிலைக்கு வேண்டிய எல்லா அளவும் அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது.

3. எந்த ஊரில் கூடாரம் அடிப்பது

காலிக்கும் மாத்தறைக்கும் இடையே ஏ2 நெடுஞ்சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது. ரயிலும் கூடவே வருகிறது. இந்தப் பாதையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அலை, ஒரு சுபாவம்.

வெலிகம: தொடங்குகிறவர்களுக்கு இதுதான். அகன்ற விரிகுடா, மணல் அடித்தளம், அலை உடைந்தபின் நீளமாக உருண்டு வரும் நுரை. கரை நெடுக போர்டு அடுக்கிவைத்த கடைகள், பயிற்சியாளர்கள். ரயில் நிலையம், மீன் சந்தை, வங்கி, மருந்துக்கடை எல்லாம் நடக்கும் தூரம். அழகு என்று பார்த்தால் மற்ற ஊர்களுக்குப் பின்னால்தான் நிற்கும். பிரதான சாலை கடற்கரை முதுகிலேயே ஓடுவதால் சத்தமும் உண்டு. இருந்தாலும் முதல் இரண்டு வாரத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

மிதிகம, அஹங்கம: வெலிகமவிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர். நிற்கப் பழகியவர்களுக்கு. மிதிகமவில் லேஸி லெஃப்ட் என்ற இடது அலை (ஏறுபவருக்கு இடப்பக்கமாக ஓடுவது) பெயருக்கேற்ப நிதானமாக, நீளமாக ஓடும். பக்கத்தில் லேஸி ரைட். இரண்டுக்கும் கீழே பாறைத்திட்டுதான், ஆனால் அலையின் முகம் மென்மை. சற்றுத் தள்ளி இருக்கும் ராம்ஸ் வேறு விஷயம். ஆழம் குறைந்த பாறைமேல் சடாரென்று உடையும் வலது அலை. தேர்ந்தவர்கள் அதில் சறுக்குவதைக் கரையிலிருந்து பார்க்கலாம். அஹங்கமவுக்கு அருகே கபலான கடற்கரையில் உட்புறம் மணல், தொடக்கநிலைக்கு ஆகும். வெளியே 'தி ராக்' என்ற இடத்தில் இருபக்கமும் உடையும் பெரிய அலை.

மிரிஸ்ஸ: வெலிகமவிலிருந்து கிழக்கே பத்துப் பதினைந்து நிமிடம். உணவகங்கள், இரவு விளக்குகள், திமிங்கிலப் படகுகள். மேற்கு முனையில் ஒரு நல்ல வலது அலை உண்டு. ஆனால் பாறை, கடல் முள்ளெலி, கூட்டம்.

ஹிரிக்கெட்டிய: மாத்தறையைத் தாண்டி திக்வெல்லைப் பக்கம், குதிரைலாட வடிவில் சிறிய குடா. உள்ளே தொடங்குகிறவர்கள், வெளியே பாயிண்ட் அலையில் (கரையின் முனையை ஒட்டி உடைவது) அனுபவசாலிகள். கொள்ளை அழகு. இடம் சிறியது என்பதால் சீசனில் தண்ணீருக்குள் நெரிசல்.

எங்கள் ஏற்பாடு முதலில் வெலிகமவில் தங்கல், பிறகு மிதிகமவுக்கு மாற்றம். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதல் மூன்று இரவுக்கு மட்டும் அறை பதிவு செய்யுங்கள். மீதிக்கு நேரில் நடந்து தேடுங்கள். கடலுக்கு எதிர்ப்புறம், ரயில் பாதையைத் தாண்டி உள்ளே போனால் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் குடும்பங்கள் நிறைய. மாதக்கணக்கில் கேட்டால் விலை நன்றாக இறங்கும். பேசும்போது நான்கு கேள்வி: ஏசி மின்சாரம் தனிக் கணக்கா? சமையல் அடுப்பு உண்டா? போர்டை உள்ளே வைக்க இடமிருக்கிறதா? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், இந்தக் கரையில் எங்கேயோ ஒரு மாடி எழும்பிக்கொண்டேதான் இருக்கும்.

4. போய்ச் சேர்வது

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேராகப் போவதானால் தெற்கு அதிவேகச் சாலையில் கார். வெலிகமவுக்குக் கொக்மாதுவ வெளிவழி. செலவைக் குறைக்க, கொழும்பு வந்து அதன் புறநகரான மாகும்புரவிலிருந்து அதிவேகச் சாலைப் பேருந்தில் காலி அல்லது மாத்தறை போய், உள்ளூர்ப் பேருந்துக்கு மாறலாம்.

நேரம் இருந்தால் ரயில். கொழும்புக் கோட்டை நிலையத்தில் மாத்தறை அல்லது பெலிஅத்த செல்லும் வண்டியில் ஏறி வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்; பல இடங்களில் அலைத்தூறல் எட்டிவிடும் போலக் கடல் அருகே வரும். நிலையப் பெயர்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். தென்மாகாணத்தில் பேச்சு பெரும்பாலும் சிங்களம்தான். கடலோரக் கடைகளில் ஆங்கிலம் போதும், "கீயத?" என்று விலை கேட்டு, "ஸ்துதி" என்று நன்றி சொன்னால் முகம் மலரும்.

5. முதல் வாரம்: தண்ணீரில் இறங்கும் முறை

முதல் நாள் இறங்காதீர்கள். விடிந்ததும் இருவரும் கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும்; மூன்று முதல் ஏழு வரை பெரிதாக வந்து, பிறகு சில நிமிடம் ஓய்வு. அந்த இடைவெளியில்தான் உள்ளே போக வேண்டும். எங்கே முதலில் உடைகிறது, எங்கே உடையாமல் தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது என்று கவனியுங்கள். உடையாமல் கறுத்துத் தெரியும் அந்த வாய்க்கால், நீந்த வசதியான இடம் போலத் தோன்றும். அதுதான் இழுப்பு நீரோட்டம்.

இரண்டாம் நாள் பயிற்சியாளர். ஒருவருக்கு ஒருவர், அல்லது இருவருக்கு ஒருவர். எட்டுப் பேர் கூட்டத்தில் சேராதீர்கள். எட்டரை, ஒன்பது அடி நீள, நுரைப்பொருளால் ஆன மென்போர்டு கேளுங்கள். சின்னதாக இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும், நிற்க முடியாது. உடம்பெடை கூடியவருக்கு இன்னும் தடிமனானது.

மணலில் படுத்து இதைப் பழகுங்கள். கால்விரல்கள் போர்டின் வால் பக்கம். நெஞ்சு தூக்கி, பார்வை முன்னால். உள்ளங்கை இரண்டும் விலா எலும்புக்குப் பக்கத்தில். போர்டின் ஓரத்தைப் பிடிக்கக் கூடாது. ஒரே தள்ளலில் எழுந்து முன்கால் இரு கைகளுக்கு நடுவே வந்து பதிய வேண்டும், பின்கால் வாலருகே குறுக்காக. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, கண் கரையில் ஒரு தென்னைமரத்தின் மேல். பார்வை போர்டுக்கு இறங்கினால் உடம்பும் பின்னாலேயே இறங்கிவிடும். எந்தக் கால் முன்னால் என்று தெரியாவிட்டால் கண்ணை மூடி நில்லுங்கள், துணைவரைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். முதலில் முன்னால் போகும் காலே பெரும்பாலும் முன்கால். கயிறு பின்காலில்.

தண்ணீரில் நடக்கும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவே குறுக்காகப் பிடிக்காதீர்கள். அலை அதைத் தூக்கி முகத்தில் அறையும்; புதியவர்கள் படும் காயங்களில் பல இதனால்தான். பக்கவாட்டில் பிடித்து, போர்டின் மூக்கை, அதாவது முன்முனையை, அலைக்கு நேராக வையுங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக, முதுகிலோ பக்கவாட்டிலோ விழுங்கள். மேலே வரும்போது ஒரு கை தலைக்கு மேல்.

மூன்று, நான்காம் நாளும் நுரையிலேயே. போர்டின் மூக்கு குத்திக்கொண்டு கவிழ்ந்தால் நீங்கள் அதிகம் முன்னால் படுத்திருக்கிறீர்கள். அலை உங்களைத் தாண்டிப் போனால் அதிகம் பின்னால். இரண்டு அங்குலம் நகர்ந்தால் போதும், அத்தனையும் மாறிவிடும். ஐந்தாம் நாள் கட்டாய ஓய்வு. தோள் ஆறாமல் இறங்கினால் துழாவ முடியாது, துழாவ முடியாவிட்டால் ஆழத்தில் ஆபத்து.

ஆறாம் நாளிலிருந்து உடையாத பச்சை அலை. இங்கே பயிற்சியாளரின் தள்ளல் இல்லாமல் நீங்களே வேகம் எடுக்க வேண்டும். அலை வரும் முன்பே திரும்பி, ஆழமாகத் துழாவி, வால் தூக்குவதை உணர்ந்த பிறகும் மேலும் இரண்டு துழாவல். பெரும்பாலோர் அந்த இரண்டை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள், அலை கைநழுவுகிறது.

6. கணிப்பைப் படிப்பது

கைப்பேசியில் அலைக் கணிப்புச் செயலிகள் உண்டு. எல்லாரும் உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். உயரத்தைவிட முக்கியம் இடைவெளி, அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவிலுள்ள நொடிகள். ஒரு மீட்டர் உயரம், 14 நொடி என்றால் அது தென்துருவப் பக்கத்துப் புயல்களில் பிறந்து இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்த அலை. கரையில் அதன் பலம் அதிகம். ஒன்றரை மீட்டர், 7 நொடி என்றால் பக்கத்துக் காற்றில் எழுந்த குழப்பம்.

அடுத்தது காற்று. சீசனில் விடியற்காலை நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று. அது அலையின் முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்து எல்லாவற்றையும் கலைக்கும். ஆகவே ஆறரைக்குத் தண்ணீரில் இருங்கள். மாலை ஐந்துக்கு மேல் காற்று அடங்கினால் இன்னொரு வாய்ப்பு. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. மணலில் கவலையில்லை, பாறைத்திட்டில் அந்த அரை மீட்டரே பெரிய வித்தியாசம். நீர் வற்றும் நேரத்தில் மிதிகமப் பக்கம் புதியவர்கள் போக வேண்டாம்.

இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். போர்டை விடாதீர்கள், அது படகு. அதன்மேல் படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி, அலை உடையும் இடத்துக்கு வந்து நுரையில் படுத்தபடியே திரும்புங்கள்.

அப்புறம், தண்ணீருக்குள் ஒரு வரிசை முறை உண்டு. அலை உடையும் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் ஏறக் கூடாது. உள்ளே போகும்போது மற்றவர் பாதையில் குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள். பெரிய அலை வந்தால் போர்டை உதறிவிட்டு மூழ்காதீர்கள், பின்னால் ஆள் இருக்கும். உள்ளூர்ப் பையன்கள் சிறுவயதிலிருந்தே அங்கே இருப்பவர்கள். ஒரு புன்னகை, ஒரு வணக்கம், அவர்களுக்கு ஒன்றிரண்டு அலையை விட்டுக்கொடுப்பது, இவ்வளவும் செய்தால் அவர்களே "இப்போ போங்க" என்று கை காட்டுவார்கள்.

7. இருவர் என்பதால்

ஒருவருக்கு ஒருவர் கற்றுத்தராதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் சற்றுத் தேர்ந்தவர் என்றாலும், காலை ஏழு மணிக்கு உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் துணைவருக்கு வேண்டியது அறிவுரை இல்லை. அதைப் பயிற்சியாளர் சொன்னால் பாடம், நீங்கள் சொன்னால் சண்டை.

இருவரும் ஒரே வேகத்தில் தேற மாட்டீர்கள். ஒருவர் நான்காம் நாளே நிற்பார், மற்றவருக்குப் பத்து நாள் ஆகலாம். அப்போது ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று முந்தியவர் நுரையிலேயே நிற்பதும், பிந்தியவரை ஆழத்துக்கு இழுப்பதும் இரண்டுமே தவறு. சில காலைகளை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முக்கால் மணி நேரம் தண்ணீரில், மற்றவர் கரையில். கரையில் இருப்பவருக்கும் வேலை உண்டு: வீடியோ எடுப்பது, நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்ப்பது. மாலையில் அந்த வீடியோவைச் சேர்ந்து பார்த்தால் ஒரு பாடத்துக்குச் சமம். அதோடு இருவருக்கும் பேசச் சுவையான விஷயமும் ஆயிற்று.

சைகை ஒன்றை முன்பே பேசிவையுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினால் "வெளியே வா". கரையில் ஒரு அடையாளம், ஒரு நீல வீடோ தண்ணீர்த் தொட்டியோ, இருவருக்கும் பொது. அதைத் தாண்டி நகர்ந்துவிட்டால் வெளியேறி நடந்து திரும்ப வேண்டும். சர்ஃபிங் வேண்டாம் என்று ஒருவருக்குத் தோன்றும் நாளும் வரும். அன்று விட்டுவிடுங்கள், புத்தகமும் இளநீரும் இருக்கின்றன.

8. மாலைகளும் ஓய்வு நாள்களும்

காலிக் கோட்டைக்கு இரண்டு முறையாவது போங்கள். 1588இல் போர்த்துக்கீசியர் தொடங்கியதை, பின்னர் டச்சுக்காரர்கள் பெரிய கற்சுவரோடு கட்டி எழுப்பினார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. நாலு மணிக்கு உள்ளே போய்த் தெருக்களில் அலைந்து, ஐந்தரைக்கு மதில்மேல் ஏறி ஒரு சுற்று நடந்தால் சரியாக இருக்கும். இந்தக் காலி நகரில்தான் 1911இல் ஒரு மும்மொழிக் கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, 1409 என ஆண்டு குறிக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற கடவுளுக்கும் காணிக்கைகள் வரிசையிடப்பட்டிருக்கின்றன. மூலக்கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். வரும்போதோ போகும்போதோ பார்த்துவிடுங்கள்.

அந்த நாயனாரின் கோயில் இருந்த இடம் மாத்தறைக்கு அப்பால் தெவிநுவர, நாம் தெய்வேந்திரமுனை என்று சொல்லும் ஊர். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588இல் இடித்துவிட்டார்கள். தீவின் தென்கோடியான இங்கே 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. நம் மொழி ஒருகாலத்தில் இந்தக் கடலில் வணிக மொழியாக இருந்ததை அங்கே நின்று நினைத்துப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஹிக்கடுவப் பக்கம் போனால் பெரலியவில் ஆழிப்பேரலை நினைவிடங்களில் சற்று நில்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அங்கே ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அலையில் உயிரிழந்தார்கள். ஒவ்வோராண்டும் அதே நாளில் காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். நீங்களும் கடலை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். தங்கும் தெருவில் வெளியேறும் வழிப்பலகை எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள்.

மிரிஸ்ஸத் துறைமுகத்திலிருந்து திமிங்கிலப் படகு விடியலில் கிளம்பும். தெய்வேந்திரமுனைக்கு வெளியே கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித்தரை) குறுகலாக இருப்பதால் ஆழ்கடல் கரைக்கு மிக அருகில். நீலத்திமிங்கிலம் அங்கே வருவது அதனால்தான். 100 மீட்டருக்குள் நெருங்காத, துரத்தாத படகைத் தேடிப் பிடியுங்கள். விலை மலிவான படகுகள் ஐந்தாறு சேர்ந்து ஒரே விலங்கைச் சூழ்வதைப் பார்த்தால் மனசு கெடும். கடலாமைக்கு உணவு ஊட்டுவது, தொட்டுப் படமெடுப்பது இதையும் தவிர்த்துவிடுங்கள்.

கடலில் நட்ட கால்மரத்தில் உட்கார்ந்து மீன்பிடிப்பவர்கள் கொக்கலப் பக்கம் இருப்பார்கள். இப்போது பெரும்பாலும் படத்துக்காக அமர்கிறார்கள், படமெடுத்தால் பணம் கேட்பார்கள், கொடுங்கள். அஹங்கமவிலிருந்து உள்ளே போனால் ஹந்துனுகொட தேயிலைத் தோட்டம். யானை பார்க்க உடவளவை தேசியப் பூங்கா. விடியுமுன் கார் வைத்துப் போய் இருட்டுமுன் திரும்பலாம்.

கோயில், விகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. கடற்கரை உடை கடற்கரையோடு நிற்கட்டும். பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது.

9. சாப்பாடு

காலை தண்ணீரிலிருந்து வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளும். இடியப்பம், பருப்பு, பொல் சம்பல் (தேங்காய்ச் சம்பல்) இருக்கும் உள்ளூர்க் கடையைப் பிடியுங்கள். ஸ்மூதி கிண்ணத்தை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மதியம் சோறும் கறிகளும். தென்கரையின் சிறப்பு அம்புல் தியல்: சூரை மீனைக் கொறுக்காப்புளியும் (குடம்புளி) மிளகும் சேர்த்து வற்ற வைத்தது. மாலையில் சூன் பான் முச்சக்கர வண்டி பீத்தோவன் மெட்டைப் பாடிக்கொண்டு தெருவுக்கு வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் பன், மீன் உருட்டு எல்லாம் இருக்கும். எருமைத் தயிரில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றிச் சாப்பிடுவதை ஒரு நாளும் தவற விடாதீர்கள். சொந்தமாகச் சமைப்பதானால் வெலிகம மீன் சந்தைக்குக் காலை சீக்கிரம் போங்கள்.

10. உடம்பு

பாறைக் கீறலை அலட்சியம் செய்தால் இந்த ஈரத்தில் நாலே நாளில் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் வைத்து வலித்தாலும் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, ஆறும்வரை கடலுக்குப் போகாமல் இருங்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனைக்கு முன் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் எடுக்கக் கூடாது. தெருநாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி நேராக மருத்துவமனை. இலவச ஆம்புலன்ஸ் 1990, காவல்துறை 119. இரண்டையும் இருவர் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள். ஏ2 சாலையைக் கடப்பதும் ஒரு பெரிய ஆபத்துதான். போர்டைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரும் வேகத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

11. சீசன் முடியும்போது

வாடகை போர்டில் விழுந்த கீறல், உடைசலை உடனுக்குடன் கடைக்காரரிடம் காட்டித் தீர்த்துவிடுங்கள். கடைசி நாளில் பேச்சு முற்றும். முதல் நாளே போர்டை நாலு பக்கமும் படமெடுத்து வைத்திருந்தால் பேச்சே வராது.

ஏப்ரல் நெருங்க நெருங்க மதியக்காற்று முந்தி எழும், மழை எட்டிப் பார்க்கும். அதற்குள் அலை கைவந்து, இன்னும் நாள் மிச்சமிருந்தால் ஊருக்குத் திரும்பாதீர்கள். சீசன் அப்போது கிழக்குக் கரைக்கு மாறுகிறது. வெலிகமவிலிருந்து அம்பாந்தோட்டை, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில் போனால் அறுகம்பை. மே முதல் செப்டம்பர் வரை அங்கே நீளமான வலது பாயிண்ட் அலை ஓடும், தொடக்கநிலைக்குப் பக்கத்திலேயே சிறிய அலைகளும் உண்டு. பொத்துவிலில் வீட்டுக்கு வாடகை பேசுவதும் அலை எப்படி என்று கேட்பதும் தமிழிலேயே நடக்கும்.